பத்தாம் வகுப்பு வரலாறு: மாநிலப் புத்தகமா, என்சிஇஆர்டியா?

பிள்ளையை ஸ்டேட் போர்டில் சேர்ப்பதா, சிபிஎஸ்இ-யா என்று பேச்சு வந்தால் எல்லாரும் கணக்கையும் அறிவியலையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். வரலாற்றுப் புத்தகத்தை யாரும் புரட்டுவதுகூட இல்லை.

சிபிஎஸ்இ பிள்ளைகள் படிப்பது என்சிஇஆர்டி என்ற மத்திய அமைப்பின் புத்தகம். 2007இல் வந்த அந்தப் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இப்போது ஐந்தே பாடங்கள். முதல் பாடம் ஓர் ஓவியத்தோடு ஆரம்பிக்கிறது. பிரெஞ்சு ஓவியர் சோரியூ 1848இல் வரைந்தது. பல நாட்டு மக்கள் சுதந்திர தேவி சிலையைக் கடந்து ஊர்வலம் போகிறார்கள். சிலையின் ஒரு கையில் தீப்பந்தம், மறு கையில் மனித உரிமைச் சாசனம். தரையில் உடைந்து கிடப்பவை முடியாட்சியின் சின்னங்கள். எந்தக் கொடி யாருடையது, எந்த உடை எந்த நாட்டினருடையது என்று பாடம் அந்தப் படத்தை நிதானமாக விளக்குகிறது. மனப்பாடம் செய்ய அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. படமும் ஒரு சான்று என்பது பிள்ளைக்குப் பிடிபடும்.

மாநிலப் புத்தகத்தில் பத்துப் பாடங்கள். அதிலே ஒரு முழுப் பாடம் பூலித்தேவர், வேலுநாச்சியார், மருது சகோதரர்கள், வேலூர்ப் புரட்சி என்று நம் ஊர்க் கதை. 1806இல் சிப்பாய்கள் ஏன் கொதித்தார்கள்? நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவு. இப்படி ஒரு காரணத்தை, பிள்ளையை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போய் அங்கேயே நிற்கவைத்துச் சொல்லலாம். என்சிஇஆர்டியின் தேசிய இயக்கப் பாடத்திலோ சென்னை மாகாணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது: நீதிக்கட்சி பற்றி ஒரு வரி, நடேச சாஸ்திரியின் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு பற்றி இன்னொன்று.

சரி, அப்படியானால் மாநிலப் புத்தகம்தானே மேல்? விஷயத்தில் ஆமாம். கெடுப்பது தேர்வு. சமூக அறிவியல் தாளில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள், அப்புறம் வரலாற்றுக்குக் காலக்கோடு. கோடு போட்டு ஐந்து நிகழ்ச்சிகளை ஆண்டோடு குறித்தால் ஐந்து மதிப்பெண். அவை ஏன் நடந்தன என்று ஒரு சொல்கூட எழுத வேண்டாம். சிபிஎஸ்இ-யிலும் கொள்குறி வினாக்கள் உண்டுதான். ஆனால் ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேட்கும் வினாவும் இருக்கிறது.

என்னைக் கேட்டால், ஸ்டேட் போர்டிலேயே படிக்கட்டும், சோரியூ படப் பாடத்தை மட்டும் வீட்டில் காட்டுங்கள் என்பேன். என்சிஇஆர்டி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஆங்கிலம், இந்தி, உருதுவில்தான். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொல்லித்தர வேண்டும்.