கண்ணாடியில் ஒட்டியதும் காரோடு வந்ததும்: பதின்மூன்று ஆண்டு வழிகாட்டி அனுபவம்

பாலக்காட்டிலிருந்து திருச்சூர் போகும்போது குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் என் காரின் வழிகாட்டி (ஜி.பி.எஸ்) திரையில் சாலை மறைந்துவிடும். சாலையே இல்லாத வெறும் பச்சை நிலத்தில் கார் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கும். சுரங்கம் திறக்கப்பட்டது 2021 ஜூலை 31 அன்று. காருக்குள் இருக்கும் வரைபடமோ 2017-ல் பதிந்தது. பக்கத்தில் பிடிமானத்தில் இருக்கும் கைப்பேசிக்குச் சுரங்கம் இருப்பது தெரியும். ஆனால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாததால், கார் எங்கே போகிறது என்று அது தடுமாறும். இரண்டு கருவிகளின் பலத்தையும் குறையையும் நான் தெளிவாகப் பார்த்தது அங்கேதான்.

கோவையில் பம்ப்செட் நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் சத்தியமங்கலம், தாளவாடி, பாலக்காடு, திருச்சூர் என்று காரில்தான் கழிகிறது. நான் போய்ச் சேரவேண்டியது பெரும்பாலும் ஒரு தோட்டத்துக் கிணறு. அதற்குத் தெருப் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஆகவே வழிகாட்டிக் கருவி எனக்கு ஆடம்பரம் அல்ல, ஸ்பேனர் போல வேலைக்கான சாமான்.

2012-ல் கண்ணாடியில் ஒட்டும் ஐந்து அங்குலக் கருவி ஒன்று வாங்கினேன். அதை இன்றும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். முந்தைய இரவே வீட்டில் உட்கார்ந்து மறுநாள் போகவேண்டிய ஊர்களைப் பதிந்துகொள்ளலாம். கம்பெனி ஜீப்பானாலும் வாடகைக் காரானாலும் கையோடு எடுத்துப் போகலாம். குறைகள் வெயிலில் தெரிந்தன. சித்திரை மாதத்தில் ரப்பர் பிடி இளகி, கருவி மடியில் வந்து விழும். சார்ஜர் ஒயர் கியருக்குக் குறுக்கே தொங்கும். காரை நிறுத்தும்போதெல்லாம் கழற்றிப் பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் திருட்டுப் பயம். கழற்றிய பிறகும் கண்ணாடியில் இருக்கும் வட்டத் தடம், உள்ளே ஒரு கருவி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். நான்காவது கோடையில் பேட்டரி உப்பிவிட்டது. பூட்டிய காருக்குள் லித்தியம் பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வரைபடத்தைப் புதுப்பிக்க நான் முயன்றபோது அந்த மாடலுக்குப் புது வரைபடம் தருவதையே நிறுவனம் நிறுத்தியிருந்தது. சேலம்–கொச்சி சாலை அதில் கடைசிவரை 47-ஆகவே இருந்தது, 544 என்ற புதிய எண் வரவே இல்லை.

2017-ல் வாங்கியது, டாஷ்போர்டிலேயே வழிகாட்டி உள்ள கார். அதற்காகவே உயர்ந்த மாடலை எடுத்தேன். ஓட்டுவதற்கு அது தரும் நிம்மதி உண்மையானது. ஆண்டெனா கூரையில் இருப்பதால் சமிக்ஞை சீக்கிரம் கிடைக்கிறது. திருப்பம் வரும்போது பாட்டு தானே தணிந்து குரல் ஒலிக்கிறது. சக்கரங்களின் வேகமும் கார் திரும்பும் கோணமும் அதற்குப் போய்ச் சேர்வதால், சுரங்கத்துக்குள்ளும் மேம்பாலத்தின் அடியிலும் கார் இருக்கும் இடத்தின் கணக்குத் தவறுவதில்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் கைப்பேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஒருமுறை ஆசனூரில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டபோது, இணையம் இல்லாமல் கைப்பேசி புது வழியைக் கணக்கிடவே இல்லை. காரின் திரை கேட்ட மாத்திரத்தில் வழி சொன்னது.

ஆனால் வரைபடம் ஒரு மெமரி கார்டில் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகள் சர்வீஸ் சென்டரில் இலவசமாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு முறை கேட்டும் 'இன்னும் வரவில்லை' என்ற பதில்தான் கிடைத்தது. பிறகு புதுக் கார்டுக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். கடைசியில் அந்தக் கார்டே வருவதில்லை என்றார்கள். கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் ஓடும். வரைபடம் நான்காம் ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டது. கார் விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து ஆண்டு உழைக்கும் பொருளுக்குள் மூன்று ஆண்டு உழைக்கும் பொருளைப் பூட்டிவைத்து, இரண்டுக்கும் சேர்த்து விலை வாங்குவது நியாயமே இல்லை.

என் வேலைக்கு இன்னொரு பெரிய குறையும் உண்டு. விவசாயிகள் இப்போது கிணற்று மேட்டில் நின்றபடியே வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பிவிடுகிறார்கள். காரின் திரை அதை வாங்கிக்கொள்ளாது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாக நான்தான் தட்ட வேண்டும். கைப்பேசியில் ஒரு தொடுதல் போதும், தமிழிலேயே வழி சொல்கிறது.

அதனால் கடந்த நான்கு ஆண்டுகளாகக் கைப்பேசிதான் முதல் வழிகாட்டி. ஒயர் வழியாகக் காரின் திரையோடு இணைக்கிறேன். திருச்சூர் பயணத்தில் மட்டும் அதைப் பிடிமானத்தில் வைத்துவிட்டு, சுரங்கத்துக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று தெரிவதற்காகக் காரின் வரைபடத்தைத் திரையில் விடுகிறேன். புறப்படுவதற்கு முன் ஈரோடு, நீலகிரி, பாலக்காடு பகுதி வரைபடங்களை வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துவிடுகிறேன். ஆசனூரில் பட்ட பாடு அதன்பின் இல்லை. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டுமே கைப்பேசியைப் பயன்படுத்த அனுமதி தருகிறது. திம்பம் பாதையில் இரவு 9 மணிக்கு மேல் வெளியூர்க் கார்களை விடுவதில்லை என்பதை என் கருவிகள் எதுவும் இதுவரை சொன்னதில்லை. அதைப் பண்ணாரி சோதனைச் சாவடியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கார் வாங்குபவர்கள் வரைபடத்துக்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். நல்ல திரை, கூரை ஆண்டெனா, கைப்பேசி இணைப்பு ஆகிய மூன்றையும் கேளுங்கள். கூரை ஆண்டெனாவும் சக்கர வேகமும் தரும் தகவலை அந்தக் கார் கைப்பேசிக்குக் கொடுக்குமா என்றும் கேளுங்கள். சில கார்கள் கொடுக்கின்றன, அப்படிப்பட்ட காரில் சுரங்கத்துக்குள்ளும் கைப்பேசி தடுமாறாது. ஷோரூமில் வாய்மொழிப் பதிலோடு நின்றுவிடாமல், உங்கள் கைப்பேசியையும் ஒயரையும் கொண்டுபோய் அங்கேயே இணைத்து, நீளமான ஒரு மேம்பாலத்தின் அடியில் ஓட்டிப் பாருங்கள்.