பதினாறு ஆண்டுகளாகத் தொகுமுறை வகுத்தல்: ஒரு பூச்சியம் பற்றிய புகார்

ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கும் மகனுக்குத் தொகுமுறை வகுத்தலை (க, க² என்று எழுதாமல், அவற்றின் முன் நிற்கும் எண்களான கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் முறை) பழக்கலாமா, நீள் வகுத்தலே போதுமா என்று தோழி கேட்டாள். அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் டியூஷன் நோட்டு ஒன்றில் தவறான கணக்குக்குச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தேன்.

க³ − 7க + 6 என்பதைக் காரணிப்படுத்த வேண்டும். கெழுக்களின் கூட்டுத்தொகை பூச்சியம். ஆகவே க − 1 ஒரு காரணி. மேல்வரிசையில் 1, 0, −7, 6 என்று எழுத வேண்டும். க² உறுப்பு இல்லை என்பதால் பையன் அந்த 0-ஐ விட்டுவிட்டு 1, −7, 6 என்று எழுதியிருந்தான். க − 1 என்பதற்கு 1 வைத்து, முதல் எண்ணை அப்படியே இறக்கி, அதை அந்த 1 ஆல் பெருக்கி அடுத்த எண்ணோடு கூட்டி, வந்ததை மறுபடி பெருக்கிக் கூட்டி என்று போனதில், கீழே 1, −6, 0 வந்தது. மீதி பூச்சியம்! (க − 1)(க − 6) என்று முடித்து, அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக்கோடு வேறு. முப்படி இருபடியாக இளைத்துப்போனதை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இதே பிழையை 2 வைத்துச் செய்திருந்தால் மீதி −4 வந்து காட்டிக்கொடுத்திருக்கும். 1 வைத்தால் காட்டிக்கொடுக்காது. அப்போது கடைசியில் நிற்பது கெழுக்களின் கூட்டுத்தொகைதான். நடுவில் ஒரு பூச்சியம் இருந்தால் என்ன, தொலைந்தால் என்ன? எல்லாப் பிள்ளைகளும் முதலில் 1-ஐத்தான் வைத்துப் பார்க்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

2க − 1 ஆல் வகுக்கும்போது ½ வைத்துவிட்டு, வந்த ஈவை 2 ஆல் வகுக்க மறப்பது இன்னொரு தொல்லை. அது ஆண்டுக்கு நான்கைந்து முறைதான்.

முறையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இத்தாலியின் ருஃபினி 1804இலும் இங்கிலாந்தின் ஹார்னர் 1819இலும் சமன்பாடுகளின் மூலங்களை எண்ணளவில் நெருங்கிப் பிடிக்கக் கையாண்ட கணக்கீடு இதன் உறவுதான். நான்காம் படிக் கோவையில் 3-ஐப் பிரதியிட 81, 27 என்று அடுக்குகளைத் தேடி அலைய வேண்டாம். நான்கு பெருக்கல், நான்கு கூட்டல். கடைசியில் வரும் மீதியே கோவையின் மதிப்பு. வகுப்பதும் பிரதியிடுவதும் ஒரே வேலை என்று முதன்முதலில் புரிந்த நாளில் வெறும் மகிழ்ச்சிக்காகவே இருபது கணக்குகள் போட்டேன்.

ஆனாலும் தோழியிடம் "வேண்டாம், நீள் வகுத்தலே போதும்" என்றேன். அதில் ஒவ்வோர் உறுப்பையும் க-வோடு சேர்த்தே எழுதுகிறோம். க² இல்லாத இடம் பல் விழுந்த வாய்போலத் தெரியும். பதில் சொல்லிவிட்டு, பாக்கி நோட்டுகளை எடுத்துத் தொகுமுறையில்தான் திருத்தினேன். பதினோரு நோட்டுகள், அரை மணி நேரம்.

மறுநாள் அந்தப் பையனின் நோட்டில் 1, 1, −6, 0 என்று எழுதி, (க − 1)(க − 2)(க + 3) வரவழைத்துக் காட்டினேன். "மிஸ், நீங்கள்தானே சரி போட்டீர்கள்?" என்று கேட்டான்.