‘ஒரிஜினல் டேப்பில் இருந்து’ என்று சொல்லி விற்கும் புது இசைத்தட்டு: பினாங்கு நண்பர்கள் கவனம்

பினாங்கில் பழைய ரெக்கார்ட் சேர்க்கிறவர்கள் தயவு செய்து இதை முழுசாகப் படியுங்கள். போன மாதம் 240 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன். விற்றவர் இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வந்தது. அப்பா அப்போதே வாங்கிய தட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. ஓடி ஓடித் தேய்ந்து, ஓர் இடத்தில் ஊசி அதே சுற்றில் சிக்கிக்கொள்ளும். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குப் புதுசு ஒன்று வாங்கித் தரலாம் என்று தேடியபோது ஃபேஸ்புக்கில் கண்ணில் பட்டது: 180 கிராம், ரீமாஸ்டர்ட், ஒரிஜினல் டேப்பில் (அன்று ஸ்டூடியோவில் பதிவான நாடாவில்) இருந்து. லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வாங்கிக்கொண்டேன். உறை பிரிக்காத கவர். “போட்டுக் கேளுங்கண்ணே, சிடியெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்காது” என்றார் அந்தத் தம்பி.

அன்று ராத்திரி அப்பா முதலில் கேட்டது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி ஓட, கூடவே ராஜா சார் தன் இசையைப் படரவிடுவார். அப்பாவின் பழைய தட்டில் எத்தனை கீறல் இருந்தாலும், வில் கம்பியைக் கவ்வி இழுக்கிற அந்த முதல் கணம் பக்கத்து அறையில் ஆள் வாசிப்பதுபோல் கேட்கும். புதுசில் அந்தக் கணமே இல்லை. ஓரமெல்லாம் மழுங்கி, தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் சலசலவென்று ஒரு சத்தம். அப்பா பாதியில் எழுந்து போய்ப் பழையதை எடுத்து வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றி மாற்றிக் கேட்டேன். புதுசில் ஒரு இசைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் துளிச் சத்தம் இல்லை. அடுத்தது ஆரம்பிக்கும்போது இரைச்சலும் பொரிகிற சத்தமும் கூடவே வருகின்றன, முடிந்ததும் கூடவே போய்விடுகின்றன. தட்டின் அழுக்கால் வரும் பொரிச்சல் இடைவெளியிலும் கேட்க வேண்டுமே! பட்டர்வொர்த்தில் ஒரு நண்பரும் இவரிடமே இதை வாங்கியிருந்தார். இரண்டு பேரும் போனில் வைத்து ஓட்டிப் பார்த்தோம், ஒரே இடத்தில் ஒரே ‘டக்’. தட்டு அடிக்கிற அச்சில் குறை இருந்தாலும் அப்படி வரும் என்பதால், தட்டைக் கம்ப்யூட்டரில் பதிந்து ஆடாசிட்டி என்ற மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டேன், அதாவது தாழ்ந்த ஒலியைக் கீழேயும் கீச்சொலியை மேலேயும் காட்டும் படம். தட்டிலேயே உள்ள கீறல் என்றால் அந்த ‘டக்’ உச்சிவரை ஒரு கோடாக ஏறும், அப்பாவின் தட்டில் அப்படித்தான் ஏறுகிறது. புதுசில் இசையும் சரி, ‘டக்’கும் சரி, 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டன. கோப்பைச் சிறிதாக்க 128 கேபிபிஎஸ் எம்பி3 வழக்கமாக மேல் ஒலியை வெட்டுகிற இடம் அது. யாரோ தேய்ந்த தட்டு ஒன்றை எம்பி3 ஆக்கி, இடைவெளியில் சத்தத்தை அழித்து, திரும்பத் தட்டில் அடித்திருக்கிறார்கள். டேப்பாவது ஒன்றாவது!

180 கிராம் என்பது தட்டின் எடை. எந்தப் பதிவிலிருந்து இசையைத் தட்டில் வெட்டினார்கள் (பள்ளமாகப் பொறித்தார்கள்) என்பதை அது சொல்லாது.

மறுபதிப்பு எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. பீட்டில்ஸின் 2012 ஸ்டீரியோ தட்டுகள் டிஜிட்டல் கோப்பில் இருந்து வெட்டப்பட்டவை, 2014 மோனோ தட்டுகள் அனலாக் டேப்பில் இருந்தே வெட்டப்பட்டவை. இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். எனக்கு மோனோதான் உசத்தி, ஆனால் 2012 வாங்கியவர் யாரும் ஏமாறவில்லை. சிடியில் இருந்து வெட்டியது என்று இவர் சொல்லியிருந்தால்கூட நான் யோசித்து வாங்கியிருப்பேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “உங்க ஊசி சரியில்லண்ணே” என்று ஒரு வாட்ஸ்அப். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். அவர் தொழிலாகவே விற்கிறவர் என்று காட்ட அவருடைய விளம்பரங்களை எல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறேன். நீங்களும் அவரிடம் வாங்கியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீர்கள்.

வாங்கப் போகிறவர்கள் காசு அனுப்புவதற்கு முன் லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவின் தட்டில் அங்கே பொறித்த எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்று. என்னுடையதில் கையால் கிறுக்கிய இரண்டு எழுத்து மட்டும்தான். கவரையும் உற்றுப் பாருங்கள். ஸ்கேன் செய்து அச்சடித்ததால் பின்பக்கப் பொடி எழுத்தெல்லாம் கலங்கியிருக்கிறது. எந்த டேப், யார் வெட்டினார்கள் என்றும் கேளுங்கள். என்னிடம் சொன்னதுபோல் “கேட்டுப் பாருங்கண்ணே” என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

சந்தேகம் இருக்கிறவர்கள் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு தட்டையும் போட்டுக் காட்டுகிறேன். ஊசி சிக்குகிற இடம் வந்தால் அப்பாவே விரலால் தள்ளிவிடுவார்.