டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, இரண்டும் கலந்தது: வீட்டு வைஃபைக்கு எது?

எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர், என் மொபைல் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனார். அதை மாற்றலாம் என்று ரவுட்டர் செட்டிங்ஸைத் திறந்தால், வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறைக்கு மூன்று தேர்வுகள்: டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3, இரண்டும் கலந்த ஒன்று.

டபிள்யூபிஏ2 வந்தது 2004-ல். பழையதுதான், ஆனால் அதில் தகவலை மறையாக்கும் ஏஇஎஸ் என்ற பூட்டு இன்றும் உறுதியானது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். தெருவில் நின்றபடியே ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம், உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் ஊர் மொபைல் எண் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் போட்டுப் பார்க்கும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்!

2018-ல் வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைத்தது. ஒவ்வொரு யூகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும், பதிவு செய்து எடுத்துப்போய்ப் பயனில்லை. பின்னாளில் பாஸ்வேர்டு கசிந்தாலும், முன்பு பதிவு செய்ததைத் திறக்க முடியாது. 2019-ல் இதிலும் சில குறைகளைக் கண்டுபிடித்தார்கள், அதனால் ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் ஓடும் மென்பொருளை, அப்டேட் செய்வது அவசியம்.

கலந்த முறைதான் பலரை ஏமாற்றுகிறது. பழைய கருவி டபிள்யூபிஏ2 வழியாக அதே பாஸ்வேர்டில் இணைவதால், திருட நினைப்பவர் அந்த வாசலைத்தான் பார்ப்பார். பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தால் டபிள்யூபிஏ3 இருந்தும் இல்லாத கதைதான்.

அதனால் நான் வீட்டு நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3-ல் மட்டும் வைத்தேன். பழைய பிரிண்டர், டிவி, ஸ்மார்ட் பல்பு எல்லாம் அதே ரவுட்டரில் விருந்தினருக்கெனத் தனியாக, டபிள்யூபிஏ2-ல் ஓடும் கெஸ்ட் நெட்வொர்க்குக்குப் போய்விட்டன, அதற்கு வேறு பாஸ்வேர்டு. உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இல்லையா? கவலை வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோர்த்து 25 எழுத்துக்கு மேல் பாஸ்வேர்டு வையுங்கள், டபிள்யூபிஏ2-வே தாராளமாகத் தாங்கும். மொபைல் எண்ணோடு ஓடும் கலந்த முறையைவிட அது எவ்வளவோ மேல்.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்து வடிகட்டுவது இரண்டுக்கும் நேரம் செலவிட வேண்டாம். அந்தப் பெயரும் முகவரியும் காற்றில் வெளிப்படையாகவே போகின்றன.

அப்புறம், எதைத் தேர்ந்தெடுத்தாலும், பாஸ்வேர்டு இல்லாமலே கருவிகளை இணைக்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகத்தான் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. எனவே அதிகபட்சம் 11,000 முயற்சிதான், 25 எழுத்து பாஸ்வேர்டு இருந்தும் அந்தப் பக்கமாக உள்ளே வந்துவிடலாம்.