டெல்டாவுக்கு முதலில் எது: புது ரயில் பாதையா, மினி பஸ்ஸா, கடைசி டவுன் பஸ்ஸா?

டெல்டா மாவட்டங்களுக்குப் போக்குவரத்து வசதி போதாது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எதை முதலில் செய்வது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. வர்த்தகர்கள் ரயில் என்பார்கள். நகரங்களில் புதுப் பேருந்து நிலையம் கேட்பார்கள். ஒன்றியத்தின் கடைக்கோடி ஊர்களிலோ மினி பஸ் வேண்டும், அல்லது நின்றுபோன டவுன் பஸ்ஸைத் திரும்ப விட வேண்டும் என்கிறார்கள். என் வரிசை இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் தொடங்கும்.

முதலில் ரயிலைப் பார்த்துவிடுவோம். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை புதுப் பாதையும், 1926இல் தொடங்கி 1980களில் நின்றுபோன மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதையும் நீண்டகாலக் கோரிக்கைகள். இரண்டுமே நியாயமானவை. ஆனால் கைக்குக் கிடைத்த பாதைகள் என்ன ஆயின என்பதையும் பார்க்க வேண்டும். திருவாரூர்–காரைக்குடி பாதை அகலப்பாதையாகி 2019இல் ரயில் ஓடத் தொடங்கியபோது, லெவல் கிராசிங்குகளுக்குப் போதிய கேட் கீப்பர்கள் இல்லை. ரயிலிலேயே பணியாளர்களை ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டுத் திரும்ப ஏறினார்கள். சுமார் 150 கி.மீ. தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம். அப்படி ஒரு ரயிலை நம்பி யார் வேலைக்குப் போக முடியும்? திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி 37 கி.மீ. பாதை 294 கோடி ரூபாய் செலவில் முடிந்து 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வேதாரண்யம் பகுதி மக்கள் அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த ரயில், தொடக்கத்தில் சனி, ஞாயிறு ஓடவில்லை.

பாதை போடப் பணம் கிடைக்கிறது, அதில் வண்டி ஓட்டப் பணம் கிடைப்பதில்லை. நான்கு வழிகளையும் நான் அளப்பது இதை வைத்துத்தான்.

ரயில்வேயிடம் ஒரே ஒரு கோரிக்கைதான் வைக்கலாம் என்றால், புதுப் பாதைக்கு முன்னால் தஞ்சாவூர்–கும்பகோணம்–மயிலாடுதுறை–விழுப்புரம் மெயின் லைனை இரட்டைப் பாதையாக்கச் சொல்வேன். சுமார் 190 கி.மீ. ஒற்றைத் தடத்தில் எதிர் வண்டிக்காக நிற்கும் நேரம் குறைந்தால், காலையிலும் மாலையிலும் பயணிகள் ரயில்களைக் கூட்டலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இது மத்திய அரசின் பணம். ரயிலை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் நம் பஸ்ஸுக்கு வந்துவிடாது. அதனால் ரயில் கோரிக்கை தனியாக, பஸ் கோரிக்கை தனியாக நடக்கட்டும்.

மாநில அரசின் பணத்தில்தான் உண்மையான போட்டி. பேருந்து நிலையத்தை அதில் கடைசியில் வைக்கிறேன். திருச்சி போன்ற பெருநகருக்குப் பஞ்சப்பூர் முனையம் தேவைதான், 2025இல் திறந்தும்விட்டார்கள். அதே கணக்கை நம் சின்ன ஊர்களுக்கெல்லாம் போட முடியாது. ஊருக்கு வெளியே நிலையம் கட்டினால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். ஆட்டோவுக்குக் கொடுப்பது பஸ் டிக்கெட்டை விட அதிகமாகிவிடும்.

அடுத்தது மினி பஸ். இது நம் மண்ணுக்குப் பொருந்துகிற வண்டி. கல்லணைக்குக் கிழக்கே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறுகள் கிளை பிரிந்துகொண்டே போகின்றன. கரையை ஒட்டி நீளவாக்கில் ஊர்கள். அடுத்த ஆற்றங்கரைக்குப் போக ஒரு குறுகலான சட்ரஸ் பாலத்தை, அதாவது மதகின் மேல் போகும் பாலத்தை, தாண்ட வேண்டும். பெரிய பஸ் அதில் ஏறினால் எதிரே நெல் மூட்டையோடு வரும் டிராக்டர் அந்தக் கரையிலேயே நின்றுவிட வேண்டியதுதான். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய திட்டப்படி மினி பஸ் 25 கி.மீ. வரை ஓடலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் இல்லாத வழியாக இருக்க வேண்டும். 1997இல் வந்த பழைய திட்டத்தை விட இது தாராளம். அரசுக்குச் செலவும் குறைவு.

குறை எங்கே என்றால், ஓட்டுவது தனியார். கலெக்‌ஷன் இல்லாத மதியத்திலும் இரவிலும் வண்டியை நிறுத்தத்தான் பார்ப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்புறம், 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். தனியார் மினி பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பக்கத்து ஊருக்குப் போகிற பெண்ணுக்கு இந்த வித்தியாசம் கூலியில்தான் விழும்.

ஆகவே அரசு டவுன் பஸ், அதிலும் முக்கியமாக நைட் ஹால்ட் பஸ். இரவு கடைசி நடையாகக் கடைக்கோடி ஊருக்கு வந்து, அங்கேயே தங்கி, விடியுமுன் கிளம்புகிற வண்டி. டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வார்கள், ஊர் நல்ல ஊராக இருந்தால் ஓர் அறை கிடைக்கும். காலையில் அந்த ஒரு வண்டியில் பூக்கூடை ஏறும், பால் கேன் ஏறும், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கப் போகிறவர்கள் ஏறுவார்கள், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் ஏறுவார்கள். இரவு அதே பஸ் உண்டு என்று தெரிந்தால்தான் வீட்டில் அந்த வேலைக்கே அனுப்புவார்கள். கடைசி நடை நின்றால் முதலில் வேலையை விடுவது பெண்கள்தான். பஸ் பாஸ் கையில் இருந்தும் மாலைச் சிறப்பு வகுப்பை விட்டுவிட்டு ஓடி வரும் மாணவர்களும் இதே கணக்கில் வருவார்கள்.

இதற்குப் புதுக் கட்டடமோ நில எடுப்போ வேண்டாம். வண்டி, டீசல், ஆள், அவர்கள் தங்க ஓர் அறையும் கழிப்பறையும் போதும். மகளிர் பயணத்துக்கும் மாணவர் பாஸுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. அதே மாதிரி காலி இருக்கையோடு ஓடும் இரவு நடைக்கும் கிலோமீட்டர் கணக்கில் தனியாகக் கொடுக்கலாம். பெரிய பஸ் நுழையாத சட்ரஸ் வழிகளில் அதே தொகையை, இரவிலும் ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மினி பஸ்காரருக்குக் கொடுக்கலாம். நஷ்டம் என்று எழுதுகிற பணத்தைச் சேவைக்கான கட்டணம் என்று பட்ஜெட்டிலேயே எழுதிவிட்டால், ஆள் பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது கிராமத்து நடையாக இருக்காது.

கூடவே, போக்குவரத்துக் கழகத்தின் எந்தக் கிளை எந்த வழித்தடத்தில் எந்த நடையை ரத்து செய்தது என்ற பட்டியலை மாதாமாதம் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டட்டும். அடுத்த கிராம சபையில் மக்கள் அதை வைத்துக் கேட்டுக்கொள்வார்கள்.