பெரும்பாக்கம் பஸ் எப்படி? எட்டு அடுக்குக் குடியிருப்பிலிருந்து ஒரு கணக்கு

மார்க்கை முதலிலேயே போட்டுவிடலாம். கட்டணத்துக்கு, பெண்கள் கணக்கில் ஐந்துக்கு ஐந்து. ஆண்கள் கணக்கில் மூன்று. புதிய மின்சார வண்டிக்கு நான்கு. காத்திருப்புக்கு இரண்டு. பிளாக்கிலிருந்து நிறுத்தம் வரைக்குமான வழிக்கு ஒன்று, அதுவும் மழை இல்லாத நாளில்.

பஸ் விமர்சனத்தில் வீட்டை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் பெரும்பாக்கத்தில் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. குடிசை மாற்று வாரியம் என்று எல்லோரும் இன்னும் சொல்லும் அந்த வாரியத்துக்கு 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அது இங்கே கட்டியிருப்பவை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்கள், அதிலும் 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெருங்கூட்டமாக, இங்கே கொண்டுவரப்பட்டார்கள். வீட்டு வேலை, மீன் கூடை, பூக்கடை, சுமைக்கூலி என்று அவர்கள் செய்த தொழிலெல்லாம் நடந்துபோகிற தூரத்தில் இருந்தவை. புது வீட்டிலிருந்து சென்ட்ரல் பக்கம் போக இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல, பஸ் வருகிறதா என்றும் பார்த்துத்தான் இந்த வீட்டை மதிப்பிட வேண்டும்.

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் வண்டிகள் நின்றன. சென்னையில் மாநகரப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 1 அன்று. இடையில் ஐந்து மாதம். மயிலாப்பூரிலேயே குடியிருந்த வேலைக்காரம்மாவைத் தளர்வு வந்ததும் வீட்டுக்காரர்கள் திரும்பக் கூப்பிட முடிந்தது. பெரும்பாக்கத்தில் இருந்தவர் கூப்பிட்டாலும் வர வழியில்லை. அதற்குள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் அந்த வேலைக்கு வந்துவிட்டால் அது போனதுதான். பெருந்தொற்றுக்குப் பிறகு இந்தக் குடியிருப்புக்கு என்ன தேவை என்று பேசினால் பேச்சு பஸ்ஸில் வந்து நிற்பது இதனால்தான்.

கட்டணத்தில் தொடங்குவோம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். பிறகு திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு வரும் துணைக்கும் நீட்டித்தார்கள். இப்போது இதற்கு விடியல் பயணம் என்று பெயர். 2022-ல் தூரத்திலேயே தெரியட்டும் என்று வண்டியின் முன்னும் பின்னும் பிங்க் அடித்தார்கள். நல்ல யோசனை. காலை ஐந்தரை மணி இருட்டில் பலகை எழுத்து தெரியாது, நிறம் தெரியும். புது வண்டிகளுக்கு இந்த அடையாளம் பொருந்தாது. அவற்றில் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் படிக்க வேண்டும், இல்லையென்றால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிட வேண்டும். ஏசி வண்டியும் டீலக்ஸும் இலவசத்தில் சேராது.

ஏறியதும் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். காசு கொடுக்காதவருக்கு எதற்கு டிக்கெட் என்று விட்டுவிடாதீர்கள். எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்பதற்கு அந்தக் காகிதம்தான் கணக்கு. அரசிடமிருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு வரும் ஈட்டுத்தொகைக்கும் அடிப்படை அதுதான். டிக்கெட் கிழிக்காத நடை, அதாவது வண்டியின் ஒரு ஓட்டம், காலியாக ஓடிய நடையாகப் பதிவாகும். காலி நடையைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

இலவசம் எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது என்பதற்கு ஆண்களின் செலவே அளவுகோல். சென்னை முழுக்க விருப்பம்போல் போக மாத பாஸ் 1,000 ரூபாய். ஏசி வண்டியும் சேர்ந்தது வேண்டுமென்றால் 2,000. இந்த 2,000 ரூபாய் பாஸ் 2025 மார்ச்சில் வந்தது. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கையில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட நிற்கிறது. அதனால்தான் கட்டணத்துக்கு முழு மார்க்.

ஆனால் காசு மிச்சமானது போல நேரம் மிச்சமாகவில்லை.

இருபது நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று அட்டவணை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் சீராக வந்தால் சராசரி காத்திருப்பு பத்து நிமிடம். ஆனால் நாற்பது நிமிடம் ஒன்றுமே வராமல், பிறகு இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால்? ஒரு மணி நேரத்துக்கு வண்டி எண்ணிக்கை அதேதான், சராசரி காத்திருப்போ இருபது நிமிடமாகிவிடுகிறது. அட்டவணைப்படி குறை சொல்ல முடியாது, நிறுத்தத்தில் நிற்பவருக்கு இரண்டு மடங்கு நேரம் போகிறது.

இப்படி ஒட்டிக்கொண்டு வருவதற்கு டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று சொல்வது சுலபம். உண்மையில் நடப்பது வேறு. முதல் வண்டி சிக்னலில் ஐந்து நிமிடம் பிந்துகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் கூடிவிடுகிறது. எல்லோரும் ஏற நேரமாகிறது, வண்டி இன்னும் பிந்துகிறது. பின்னால் வரும் வண்டிக்கு ஏற ஆளே இல்லை. அது பறந்து வந்து முதல் வண்டியின் வாலைப் பிடித்துவிடுகிறது. ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையிலும் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த நாளிலிருந்து இந்தச் சிக்கல் கூடிவிட்டது. கூடுதல் வண்டி விட்டால் மட்டும் இது தீராது. நெரிசல் நேரத்தில் டெர்மினஸில் டைம் கீப்பர் இரண்டாவது வண்டியைச் சில நிமிடம் பிடித்து வைத்து அனுப்ப வேண்டும். செலவில்லாத வேலை, ஒழுங்காகச் செய்ய ஆள் மட்டும் வேண்டும்.

பயணி கையில் இருக்கும் மருந்து செயலி. வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் வசதி 2022-ல் சென்னை பஸ் செயலியில் வந்தது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். வண்டி நகர்வதைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள். அட்டவணை நேரம் மட்டும் காட்டினால் நம்பாதீர்கள்.

வண்டிக்கு நான்கு மார்க் கொடுத்ததற்குக் காரணம் 2025 ஆகஸ்ட் 11. அன்று பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதில் 55 ஏசி, 80 ஏசி இல்லாதவை. வண்டி புதிது என்பதைவிட பணிமனை பக்கத்தில் இருப்பதுதான் பெரிய லாபம் என்று தோன்றுகிறது. பஸ் காலையில் பணிமனையிலிருந்து வெளியே வந்தாக வேண்டும், இரவில் திரும்பியாக வேண்டும். பணிமனை தொலைவில் இருந்தால் அதிகாலை முதல் நடையும் ராத்திரி கடைசி நடையும் காலியாக ஓடுகிற ஓட்டமாகி வீணாகும். பணிமனை வாசலிலேயே இருந்தால் அதே ஓட்டம் பயணிகளுக்கான நடையாகிறது. ஓஎம்ஆர் ஐடி கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவர்களுக்கு ஆறு மணி ஷிப்டும் இரவு பத்து மணிக்கு முடியும் ஷிப்டும்தான் உயிர்நாடி. பத்தரைக்கு சோழிங்கநல்லூர் ஜங்ஷனில் நிற்கும் பெண்ணுக்கு இலவச வண்டி இல்லையென்றால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு; ஷேர் ஆட்டோவும் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். புது வண்டிகளை எண்ணி அளப்பதைவிட இந்த இரண்டு நேரத்தில் எத்தனை நடை என்று எண்ணிப் பார்த்தால் உண்மை தெரியும்.

தாழ்தள வண்டியின் தரை சாலையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரம். பழைய வண்டியில் படி மூன்று ஏற வேண்டும், மீன் கூடையோடு ஏறுபவர் முதலில் கூடையை ஏற்றிவிட்டுப் பிறகு கைப்பிடியைப் பிடிப்பார். இதில் கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரே எட்டில் ஏறலாம். சக்கர நாற்காலிக்கு மடக்குப் பலகை உண்டு. ஆனால் அந்தப் பலகை வேலை செய்ய வண்டி நடைமேடையை ஒட்டி நிற்க வேண்டும். நிறுத்தத்தை அடைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நின்றால் வண்டி நடுச்சாலையில் நிற்கும். பலகை தார்ச்சாலையிலேயே இறங்கும், சரிவு செங்குத்தாகிவிடும், தனியாகத் தள்ளி ஏற முடியாது. நடைமேடையைச் சரியாக்காமல் வண்டியை மட்டும் தாழ்தளமாக வாங்குவது பாதி வேலை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மின்சார வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் பணம் பெறும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். இலவசப் பயணிகளைக் கண்டால் வண்டி நிற்காமல் போகிறது என்பது திட்டம் வந்த நாளிலிருந்தே பல தடங்களில் வந்த புகார். கிலோமீட்டருக்குக் காசு என்னும்போது யாரை ஏற்றினாலும் வருமானம் ஒன்றுதான், அந்த வகையில் பாகுபாட்டுக்குக் காரணம் இல்லை. ஆனால் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் கிலோமீட்டர் ஓடிவிட்டது, காசு வந்துவிடும். நிற்காத நிறுத்தத்துக்கு அபராதம் போட்டு வசூலித்தால்தான் இது சரியாக ஓடும். புகார் கொடுக்கும்போது தட எண்ணோடு வண்டிப் பதிவெண், நேரம், நிறுத்தத்தின் பெயர் மூன்றையும் குறித்துக் கொடுங்கள். வண்டியில் ஜிபிஎஸ் இருப்பதால் சரிபார்க்க முடியும். ‘நேற்று காலை பஸ் நிற்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நடக்காது.

பலர் கண்டுகொள்ளாத வழி ஒன்று உண்டு: வேளச்சேரி பறக்கும் ரயில். அதன் ஸ்டேஷன் வரிசையைப் படித்துப் பாருங்கள். கோட்டூர்புரம், கிரீன்வேஸ் சாலை, மந்தைவெளி, திருமயிலை, திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, பூங்கா நகர். எந்தக் கரைகளிலிருந்து ஜனங்களை எடுத்து பெரும்பாக்கத்தில் இறக்கினார்களோ, கிட்டத்தட்ட அதே இடங்கள். கடற்கரை–எழும்பூர் நான்காவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்டில் மூடிய சிந்தாதிரிப்பேட்டை–கடற்கரைப் பகுதியும் 2024 அக்டோபர் கடைசியில் திறந்துவிட்டது. வேளச்சேரியில் ஏறினால் திருமயிலைக்கு இருபது நிமிடம்போல ஆகும். சிக்னலும் இல்லை, மெட்ரோ தடுப்பும் இல்லை.

சிக்கல் வேளச்சேரி வரை போவதில்தான். பெரும்பாக்கத்திலிருந்து மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். விஜயநகர் நிறுத்தத்தில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்காது, மறுபடி நடக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரில் பாத்திரம் துலக்கத் தொடங்க வேண்டியவரின் கணக்கைப் போட்டால், நிறுத்தத்துக்கு நடக்க பத்து நிமிடம், காத்திருக்கப் பதினைந்து, வண்டியில் நாற்பது, ஸ்டேஷனுக்கு நடக்க பத்து, ரயிலுக்குக் காத்திருக்க பத்து, ரயிலில் இருபது, இறங்கி நடக்க பத்து. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஐந்து மணிக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். குடியிருப்பிலிருந்து வேளச்சேரி ஸ்டேஷன் வாசலுக்கே நேராக ஓடும் இணைப்பு வண்டி அடிக்கடி இருந்தால் இதில் இருபது நிமிடமாவது குறையும். நேர் வண்டி கிடைக்காத நேரத்தில் பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் போகும் எதிலும் ஏறி ரயிலைப் பிடிப்பது, ஓஎம்ஆர் நெரிசலில் மாட்டுவதைவிடப் பெரும்பாலும் நல்லது. ரயிலுக்குப் பெண்களுக்கும் கட்டணம் உண்டு, குறைந்தபட்சம் 5 ரூபாய். தினம் போகிறவர் சீசன் எடுத்துவிடுங்கள்.

கண்ணகி நகரோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அதுவும் இதே வாரியத்தின் குடியிருப்பு, 2000 வாக்கில் ஆட்கள் வரத் தொடங்கிய இடம். ஆனால் துரைப்பாக்கத்தை ஒட்டி ஓஎம்ஆருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், உள்ளே வரும் வண்டி தவறினாலும் மெயின் ரோட்டுக்கு வந்து 570 போன்ற தடத்தைப் பிடித்துவிடலாம். பெரும்பாக்கத்தில் அந்த மாற்று வழி கிடையாது.

ஒரு மார்க் வாங்கிய பகுதிக்கு வருவோம். ஏழாவது மாடியில் இருப்பவரின் பயணம் லிப்ட் வாசலில் தொடங்குகிறது. லிப்ட் பழுதானால் பால் வாங்கக்கூட இறங்க மாட்டார்கள். அதிகாலை வேலைக்காரர் இறங்கித்தான் ஆக வேண்டும், மாலையில் ஏழு மாடி ஏறித்தான் ஆக வேண்டும். பராமரிப்புக்குக் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகைக்கு நிகராக அரசு தன் பங்கைச் சேர்க்கும் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டம் இருக்கிறது. சங்கம் பதிவாகி, வங்கிக் கணக்கு திறந்து, வசூல் நடக்கும் பிளாக்கில்தான் இது பயன்படும். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பழுது என்று சொன்ன எத்தனை மணி நேரத்தில் ஆள் வர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று சங்கத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லாத ஒப்பந்தம் வெறும் ரசீது.

கீழே இறங்கிய பிறகு பிளாக்குகளுக்கு நடுவே விளக்கில்லாத நடை. வடகிழக்குப் பருவமழையில் இந்தப் பக்கம் முழுக்க பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் வடிகால்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட நாளில் செயலியில் பஸ் தெரிந்தாலும் மெயின் ரோட்டோடு திரும்பிப் போகக்கூடும்.

வயதானவர்களுக்கு ஒரு குறிப்பு. 60 முடிந்தவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். பாட்டிகளுக்கு பிங்க் வண்டியே இலவசம் என்பதால் அவர்கள் இதை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஏசி இல்லாத டீலக்ஸ் வந்தால் கைகொடுக்கும், வாங்கி வையுங்கள்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரும் ஐந்தாம் வழித்தடத்தில் பெரும்பாக்கம் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் அது மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையில் வருகிறது, குடியிருப்பின் உள் பிளாக்குகளோ அங்கிருந்து நன்றாக உள்ளே தள்ளி. ஸ்டேஷன் திறக்கும் நாளில் ஒரு சிற்றுந்தாவது பிளாக்குகளைச் சுற்றிக்கொண்டு அங்கே போய் நிற்க ஏற்பாடு வேண்டும். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அங்கே பிங்க் நிறம் கிடையாது.