நாய் வாக்கிங் சேவை: 4 மாத அனுபவம்

பிப்ரவரியில் எனக்கு முழங்கால் ஆபரேஷன். வீட்டில் இரண்டு நாய்கள். செவலை, இரண்டு வயதுச் சிப்பிப்பாறை, எங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். லட்டு, ஆறு வயதுப் பக் இன நாய், மகள் மேல்படிப்புக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனவள். நான் வாசற்படி இறங்க முடியாமல் கிடந்த நாட்களில் இவர்களை யார் வெளியே கூட்டிப்போவது என்று விசாரித்தபோது, சேலையூர் பக்கம் இரண்டு பையன்கள் நடத்தும் இந்தச் சேவை தெரியவந்தது. இப்போதுதான் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள் என்பதால் பெயரைப் போடவில்லை. ஒரு நாய்க்கு மாதம் 2,500 ரூபாய். வாரம் ஆறு நாள், தினமும் அரை மணி நேரம்.

பையன்கள் தங்கமானவர்கள். சொன்ன நேரத்துக்கு வருவார்கள். தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள், நாய் அசிங்கம் செய்தால் பையில் அள்ளாமல் நகரமாட்டார்கள். தெருநாய்கள் கூட்டமாக நிற்கும் முனையை விட்டுவிட்டுச் சுற்றிப் போவார்கள். திரும்பியதும் எவ்வளவு தூரம் நடந்தது என்று வாட்ஸ்அப்பில் வரைபடம் வந்துவிடும்.

அந்த வரைபடம்தான் என்னை உறுத்தியது. இரண்டு நாய்க்கும் ஒரே கோடு, ஒரே 2 கிலோமீட்டர். ஒருவரே இரண்டையும் ஒரே வேகத்தில் நடத்திக் கூட்டிவந்தார். செவலை வீட்டுக்குள் நுழைந்ததும் மறுபடி கதவையே பார்த்து நிற்பான். ஒரு வாரத்தில் தலையணை இரண்டு போயிற்று, துளசித் தொட்டி மண் முழுக்க வராந்தாவில் கிடந்தது. லட்டுவோ தொண்டையில் ரம்பம் இழுக்கிற மாதிரிச் சத்தத்தோடு இரைத்துக்கொண்டு வந்து, டைல்ஸ் தரையில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிடுவாள். அரை மணி ஆனாலும் இரைப்பு அடங்காது.

என் அப்பா சிப்பிப்பாறை வளர்த்தவர். விடியற்காலையில் கரிசல் காட்டில் அவிழ்த்துவிடுவார். ஒரே மூச்சில் பறந்துவிட்டு வந்து திண்ணையில் படுத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்காது. முயல் வேட்டைக்கென்று வந்த இனம், மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுவது. கயிற்றில் கட்டி எத்தனை கிலோமீட்டர் நடத்தினாலும் அந்த ஓட்டத்துக்கு ஈடாகாது. ஐந்து பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டால் போதும், மிச்ச நாள் முழுக்கத் தூங்கும்.

லட்டு கதை வேறு. நமக்கு வியர்க்கிற மாதிரி நாய்க்கு உடம்பில் வியர்க்காது. இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மூக்கே சப்பையாக இருக்கும் பக்குக்கு அதிலும் பாதிதான் முடிகிறது. ஏப்ரல் மாதம் காலை 7.30 மணிக்குத் தாம்பரம் வெயிலும் புழுக்கமும் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் நாக்கு கருஞ்சிவப்பாகி, கால் தள்ளாட வந்தாள். உடனே ஈரத்துணி, மின்விசிறி, ஆட்டோ, டாக்டர். உடம்புச் சூடு 40 டிகிரியைத் தொட்டிருந்தது. நாய்க்கு 38, 39 இருப்பதுதான் இயல்பு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கழுத்துப்பட்டையைத் தூக்கிப் போடுங்கள், மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள் என்றார் டாக்டர். மூச்சுக்கே திணறும் நாய்க்குக் கழுத்தில் இழுப்பு கூடாதாம்.

அதற்கு முன்பே, மார்ச்சில், செவலை பட்டையிலிருந்து நழுவி ஓடிவிட்டான். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுங்கல், சாதாரணப் பட்டை பின்னால் இழுத்தால் காதைத் தாண்டிக் கழன்றுவிடும். பூனையைப் பார்த்தான், அவ்வளவுதான். ஏரிக்கரையில் பிடிக்க 20 நிமிடம் ஆயிற்று. மெயின் ரோட்டுப் பக்கம் போயிருந்தால்? இப்போது இழுத்தால் மட்டும் இறுகுகிற அகலப் பட்டை போட்டிருக்கிறேன்.

பையன்களை உட்காரவைத்துப் பேசினேன். கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. "ஆன்ட்டி, எங்க ஃபார்ம்ல வயசு, தடுப்பூசி, கடிக்குமா இதுதான் கேட்கிறோம். என்ன வகை நாய், எவ்வளவு ஓடணும்னு கேட்கத் தோணலை" என்றார் இருவரில் பெரியவர். மே மாதத்திலிருந்து ஏற்பாட்டை மாற்றினார்கள். லட்டுவுக்குக் காலை 5.30 மணிக்கு 15 நிமிடம், இருட்டிய பிறகு 10 நிமிடம், அவள் நின்றால் நிற்க வேண்டும். செவலைக்கு வாரத்தில் மூன்று நாள், தெரிந்தவர் ஒருவரின் சுற்றுச்சுவர் கட்டிய காலி மனையில் அவிழ்த்துவிடுகிறார்கள். ஆறேழு சுற்று முதுகு வில்லாக வளைந்து பறப்பான், அப்புறம் தானாகவே வந்து காலடியில் விழுவான். மற்ற நாட்களில் 40 நிமிட நடை. சாப்பாடு திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். மார்பு ஆழமான நாய் வயிறு நிறைய ஓடினால் வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதலாக 800 ரூபாய். தலையணை பிழைத்துவிட்டது.

பக்கத்து வீட்டு பீகிளையும் இவர்கள்தான் கூட்டிப்போகிறார்கள். மோப்ப நாய் அது. அதைத் தரதரவென்று இழுக்காமல், புதர் புதராக முகர விட்டால் அரை மணியிலேயே களைத்துப்போகிறது. எதிர் வீட்டு லாப்ரடார் குட்டிக்கு எட்டு மாதம். எலும்பு முற்றும்வரை படியேற்றுவதும் சிமெண்ட் தரையில் குதிக்க வைப்பதும் வேண்டாம் என்று சொல்லி, உரிமையாளர் கேட்டும் மறுத்துவிட்டார்களாம். அது எனக்கு மிகவும் பிடித்தது. சென்னை ஃபிளாட்டில் ஹஸ்கி வைத்திருக்கும் ஒருவர் மதியம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார், அதற்கும் மறுத்தார்கள். பனியில் வண்டி இழுக்கிற ரோமக் கட்டு அது, நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. பெரியவர் லீவு போட்டால் வருகிற மாற்று ஆளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தெரிவதில்லை, பழையபடி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அதனால் அந்த நாட்களில் லட்டுவை அனுப்புவதில்லை, மொட்டை மாடியில் நானே மெதுவாக நடத்துகிறேன். அந்தக் கணக்கைக் கழித்து 5க்கு 3.5 கொடுக்கிறேன். சேருகிறவர்கள் முதல் நாளே பட்டையை மாட்டி, பின்னாலிருந்து ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.